ஆடையில் மின்சாரம்: ஹைதராபாத் ஆய்வுகள் காட்டும் வழி

நூற்பாலையில் பஞ்சு நூலாக மாறும்போது அதில் ஒரு பகுதி கழிவாக ஒதுங்குகிறது. குட்டை இழைகளும் தூசும் கலந்த இக்கழிவுப் பஞ்சு மெத்தைகளிலும் தலையணைகளிலும் அடைபடுகிறது. அல்லது மட்டரக நூலாகத் திரிக்கப்படுகிறது. இதற்கு வேறொரு பயனும் உண்டு என்பதை 2020-ஆம் ஆண்டில் ஹைதராபாத் விஞ்ஞானிகள் காட்டினர். பாலாப்பூரில் அமைந்துள்ள, உலோகத்தூள் தொழில்நுட்பத்திற்கும் புதிய பொருள்களுக்குமான பன்னாட்டு உயர் ஆராய்ச்சி மையத்தில் இப்பணி நடைபெற்றது. ஏ.ஆர்.சி.ஐ. என்று சுருக்கமாக வழங்கும் இம்மையம், மத்திய அரசின் அறிவியல், தொழில்நுட்பத் துறையின் கீழ் 1997-ஆம் ஆண்டு முதல் தன்னாட்சி நிறுவனமாக இயங்கி வருகிறது.

இம்மையத்தினர் ஆலைக் கழிவுப் பஞ்சைக் கரியாக்கினர். அக்கரி இழைகளில் எண்ணற்ற நுண்துளைகளை உண்டாக்கினர். அவற்றை மின்னாற்றலைத் தேக்கும் மின்முனைகளாக அமைத்தனர். மின்முனைகளுக்கு இடையே இருக்க வேண்டிய மின்பகு திரவமாக இயற்கைக் கடல்நீரையே கையாண்டனர். இவ்வாறு உருவான சாதனம் பத்தாயிரம் முறை மின்னேற்றப்பட்டு இறக்கப்பட்ட பின்னும் தன் கொள்திறனில் மிகச் சிறிதளவே இழந்தது. சூரிய மின்கலத்துடன் இதனை இணைத்துப் பகலில் கிடைக்கும் ஆற்றலைத் தேக்கிவைக்கலாம் என்றும் அவர்கள் காட்டினர்.

அச்சாதனம் ஆடையன்று; உடலில் அணிவதற்காக அது செய்யப்படவும் இல்லை. எனினும் அதில் இரண்டு உண்மைகள் அடங்கியுள்ளன. பருத்தி இழையைக் கரியாக்கினால் அது மின்சாரத்தைத் தேக்கும் என்பது ஒன்று. அதற்குத் தீப்பற்றும் திரவம் எதுவும் தேவையில்லை, உப்புநீரே போதும் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு கேள்வி எழுகிறது: மனிதன் உடுத்தும் துணியே மின்சாரத்தைத் தாங்கி நிற்க இயலுமா? இயலுமெனில், எவ்வளவு தாங்கும்? எப்பணிக்கு உதவும்? இக்கேள்விகளுக்கான விடை வேதியியலில் மட்டும் இல்லை. நெசவிலும் சலவையிலும் இருக்கிறது.

தேவை என்ன?

மின்னணுக் கருவிகள் ஆண்டுதோறும் சிறுத்து வருகின்றன. உடல் வெப்பம், நாடித்துடிப்பு, மூச்சின் வேகம் ஆகியவற்றை அளக்கும் உணர்விகள் இன்று அரிசி மணி அளவில் கிடைக்கின்றன. அவை எடுக்கும் அளவீட்டைக் கம்பியின்றி அனுப்பும் சில்லுகளும் அவ்வாறே சிறியவை. ஆனால், இவற்றுக்கு மின்சாரம் தரும் மின்கலம் மட்டும் இன்னமும் கெட்டியான ஓர் உலோகக் கட்டியாகவே இருந்து வருகிறது. துணி வளையும், மின்கலம் வளையாது. துணியைத் துவைக்கலாம், மின்கலத்தைத் துவைக்க இயலாது. துணி வியர்வையை வெளியே விடும். மின்கலத்தின் உறை விடாது.

வசதிக் குறைவு என்று மட்டும் இதனைக் கருதிவிடக் கூடாது. எடை குறைந்து பிறந்த சிசுவின் உடல் வெப்பம் இரவு முழுவதும் கண்காணிக்கப்பட வேண்டும். அதன் மென்மையான தோலின்மீது கெட்டியான பொருள் அழுத்துவது நல்லதன்று. பொத்தான் வடிவ லித்தியம் மின்கலத்தைக் குழந்தை விழுங்கிவிட்டால் உணவுக்குழாயில் சில மணி நேரத்திலேயே கடுமையான புண் உண்டாகும் என்பது மருத்துவர்கள் நன்கு அறிந்த ஆபத்து. தெலங்கானாவின் கோதாவரிப் படுகையில் சிங்கரேணி நிலக்கரித் திறந்தவெளிச் சுரங்கங்கள் உள்ளன. மே மாத வெயிலில் அத்தகைய இடங்களில் உழைப்பவருக்கு உடல் வெப்பம் எல்லை மீறினால், அதை முன்கூட்டியே அறிவிக்கும் சட்டை உயிர்காக்கும் கருவியாகிவிடும். தீயணைப்புப் பணியாளருக்கும் எல்லைக் காவலருக்கும் இது பொருந்தும். ஆயின், அச்சட்டை அவர் நாள்தோறும் அணியக்கூடிய சட்டையாக இருத்தல் வேண்டும். கழற்றி வைக்கத் தோன்றும் சட்டை எவரையும் காக்காது.

மின்கலமும் மீமின்தேக்கியும்

துணிக்கும் மின்சாரத்திற்கும் உள்ள தொடர்பு புதியதன்று. இத்தாலிய விஞ்ஞானி வோல்டா 1800-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்த முதல் மின்கல அடுக்கில், இருவேறு உலோகத் தகடுகளுக்கு நடுவே உப்புநீரில் நனைத்த துணி அல்லது அட்டைத் துண்டுகளே வைக்கப்பட்டிருந்தன. அன்று துணி, திரவத்தைத் தாங்கும் வேலையை மட்டும் செய்தது. இன்று மின்முனையாகவே அது மாற வேண்டும் என்பதுதான் வேறுபாடு.

மின்னாற்றலைத் தேக்குவதற்கு முக்கியமான வழிகள் இரண்டு. முதலாவது வேதி மின்கலம். 1991-ஆம் ஆண்டில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த லித்தியம் அயனி மின்கலம் இவ்வகையைச் சேர்ந்தது. இதில் லித்தியம் அயனிகள் மின்முனைப் பொருளின் உள்ளே புகுந்து தங்குகின்றன. மின்சாரம் எடுக்கும்போது வெளியேறுகின்றன. ஒரு கிலோகிராம் எடையில் 150 முதல் 250 வாட்-மணி வரை ஆற்றலை இது தேக்கும். ஆனால், அயனிகள் புகுந்து வெளியேறும்போது மின்முனைப் பொருள் விரிந்து சுருங்குகிறது. எனவே சில நூறு முதல் சில ஆயிரம் சுழற்சிகளில் அது தளர்ந்துவிடுகிறது. மேலும், இதில் பயன்படும் கரிமத் திரவம் தீப்பற்றக்கூடியது.

இரண்டாவது வகை, சூப்பர் கெபாசிட்டர் எனப்படும் மீமின்தேக்கி. இதில் அயனிகள் மின்முனையின் உள்ளே புகுவதில்லை. அதன் மேற்பரப்பில் ஒட்டி நிற்கின்றன. திண்மப் பொருளும் திரவமும் சந்திக்கும் இடத்தில் எதிரெதிர் மின்னூட்டங்கள் இரு அடுக்குகளாக அணிவகுத்து நிற்கும் என்ற கருத்தை ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். நுண்துளைக் கரியைக் கொண்டு இத்தத்துவத்தைக் கருவியாக்கும் காப்புரிமையை அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த பெக்கர் 1957-ஆம் ஆண்டில் பெற்றார்.

மேற்பரப்பில்தான் ஆற்றல் தங்குகிறது என்பதால், மேற்பரப்பு எவ்வளவு மிகுதியோ அவ்வளவு நன்மை. இங்குதான் கரியின் சிறப்பு வெளிப்படுகிறது. நன்கு கிளர்வூட்டப்பட்ட ஒரு கிராம் கரியின் உட்பரப்பு முழுவதையும் விரித்துப் போட்டால் ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல் வரும். அதாவது, ஏறத்தாழ 25 சென்ட் நிலம் ஒரு சிட்டிகைக் கரிக்குள் மடங்கிக் கிடக்கிறது எனலாம். வேதி மாற்றம் இல்லாததால் மீமின்தேக்கி பல லட்சம் முறை மின்னேற்றத்தைத் தாங்கும். சில நொடிகளில் நிரம்பும். இதன் குறை, ஒரு கிலோகிராமிற்கு ஐந்து வாட்-மணி என்ற அளவிலேயே ஆற்றலைத் தேக்குவது. லித்தியம் மின்கலத்தோடு ஒப்பிட்டால் இது முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவு.

துணி எவ்வாறு மின்தேக்கியாகிறது?

துணியை மின்தேக்கியாக்க இதுவரை மூன்று வழிகள் கையாளப்பட்டுள்ளன.

முதல் வழி, பூசுதல். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் யீ சூய் தலைமையிலான குழுவினர் 2010-ஆம் ஆண்டில் கார்பன் நுண்குழாய்களை மையைப்போல் நீரில் கலந்து, அதில் பருத்தித் துணியைத் தோய்த்து உலர்த்தினர். சாயத் தொட்டியில் துணியை முக்கி எடுப்பதைப் போன்ற எளிய முறை இது. பருத்தி இழை நீரை உறிஞ்சும் இயல்புடையதாகையால் நுண்குழாய்கள் அதனை இறுகப் பற்றிக்கொண்டன; வெண்துணி மின்கடத்தும் கருந்துணியாயிற்று. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.48 ஃபாரட் வரை கொள்திறன் கிடைத்ததாக அவர்கள் அறிவித்தனர். அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தினர் 2011-ஆம் ஆண்டில், பனியன்களில் படம் அச்சிட உதவும் திரை அச்சு முறையால் சாதாரணக் கிளர்வூட்டிய கரியையே துணியில் பதித்துக் காட்டினர்.

இரண்டாம் வழி, துணியையே கரியாக்குதல். காற்றுப் புகாத உலையில் இழையைச் சூடாக்கினால் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் நீங்கிக் கரி மட்டும் இழை வடிவிலேயே எஞ்சுகிறது. ஹைதராபாத் மையம் கழிவுப் பஞ்சில் செய்தது இவ்வகை மாற்றமே. இதில் பூச்சு உதிரும் என்ற அச்சமில்லை; ஏனெனில் பூச்சே இல்லை. ஆயின், கரியான இழை பருத்தியின் வலுவை இழந்துவிடுகிறது. எனவே அதனை வேறொரு துணியின் அடுக்குகளுக்கு நடுவே பாதுகாத்து வைக்க வேண்டியிருக்கும்.

மூன்றாம் வழி, மின்கலத்தையே இழையாக இழுத்தல். சீனாவின் ஃபூதான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெங் ஹூய்ஷெங் குழுவினர் லித்தியம் அயனி மின்கலத்தை நீண்ட இழையாகச் செய்து துணியில் நெய்து காட்டினர். அதன் ஆற்றல் கிலோகிராமிற்கு 85 வாட்-மணியைத் தாண்டியது. ஆய்வு முடிவு 2021-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நீளம் கூடக்கூட இழையின் உள்தடை பெருகிக்கொண்டே போகும் என்று அதுவரை கருதப்பட்டது. அது முதலில் குறைந்து பின் நிலைத்துவிடுகிறது என்று இவர்கள் கண்டதே நீண்ட இழைகளுக்கு வழி திறந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தினர் 140 மீட்டர் நீளமுள்ள இழை மின்கலம் ஒன்றை உருவாக்கினர்.

எவ்வழியாயினும் துணி மின்தேக்கியில் மூன்று அடுக்குகள் இருந்தாக வேண்டும்: இரு மின்முனைத் துணிகள், அவை ஒன்றையொன்று தொடாமல் நடுவே ஒரு பிரிப்புத் துணி. திரவம் கசியாமல் இருக்க, பாலிவினைல் ஆல்கஹால் போன்ற பொருளுடன் அமிலத்தையோ உப்பையோ சேர்த்துக் கூழாக்கி அடுக்குகளுக்கு இடையே ஊட்டுகின்றனர். பசையிட்ட பாவு விறைப்பதுபோல் இக்கூழ் உலர்ந்தால் துணி விறைக்கும். அப்போது அயனிகளின் நடமாட்டமும் குறையும். ஆகவே கூழின் ஈரத்தைக் காப்பது இத்துறையின் முதன்மையான வேலைகளுள் ஒன்றாகும்.

ஹைதராபாத்தின் பங்கு

இந்தியாவில் இத்துறைக்கு வேண்டிய பல திறன்கள் ஒரே நகரைச் சுற்றி அமைந்துள்ள இடங்களுள் ஹைதராபாத் ஒன்று. 1967-ஆம் ஆண்டில் இங்கு இந்திய மின்னணுக் கழகம் தொடங்கப்பட்டது. பாதுகாப்புத் துறையின் ஆய்வுக்கூடங்கள் பல இங்கு உள்ளன. சங்காரெட்டி மாவட்டத்துக் கந்தி என்னுமிடத்தில் அமைந்துள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2008-ஆம் ஆண்டில் தோன்றியது. பிட்ஸ் பிலானியின் ஹைதராபாத் வளாகமும் அதே ஆண்டில் தொடங்கியதாகும்.

கந்தியிலுள்ள தொழில்நுட்பக் கழகத்தில் சுரேந்திர குமார் மார்த்தாவின் குழுவினர் உருவாக்கிய இரட்டைக் கரி மின்கலம் 2021-ஆம் ஆண்டில் கவனத்தை ஈர்த்தது. வழக்கமான லித்தியம் மின்கலத்தின் நேர்முனையில் கோபால்ட், நிக்கல் போன்ற உலோகங்கள் இடம்பெறும்; அவை விலை மிக்கவை, பெரும்பாலும் இறக்குமதியாகின்றவை. இம்மின்கலத்திலோ இரு முனைகளும் கரியிழைப் பாய்களே. இழைகள் தாமாகவே ஒன்றையொன்று தாங்கி நிற்பதால், மின்முனைக்கு அடியில் உலோகத் தகடு வைக்க வேண்டிய தேவையும் குறைகிறது. மின்னழுத்தம் 5 வோல்ட். ஆற்றல் கிலோகிராமிற்கு 100 வாட்-மணி அளவினது. இதுவும் ஆடைக்காகச் செய்யப்பட்டதன்று. ஆனால் நெசவின் கண்ணோட்டத்தில் முக்கியமானது. தகட்டின்மேல் தூளைப் பூசி மின்முனை செய்யும் மரபிலிருந்து விலகி, இழைப் பரப்பே மின்முனையாகும் முறைக்கு இது சான்று.

பிட்ஸ் வளாகத்தின் நுண்சாதன ஆய்வுக்கூடத்தில், லேசர் கதிரைக் கொண்டு நெகிழ் தாள்களின்மேல் கிராஃபீன் கரிக்கோடுகளை வரைந்து மெல்லிய மின்தேக்கிகள் செய்யும் ஆய்வுகள் நடைபெற்று வருகின்றன. கரியை எங்கே, எவ்வடிவில் வேண்டுமோ அங்கே மட்டும் உண்டாக்கலாம் என்பது இம்முறையின் பயன்.

இந்நகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் பூதான் போச்சம்பள்ளி உள்ளது. புவிசார் குறியீடு பெற்ற இக்கத் துணிகளுக்குப் பெயர்போன ஊர் அது. இக்கத் முறையில் துணி நெய்த பின் சாயமிடுவதில்லை. நூலையே முன்கூட்டிக் கட்டிக் கட்டிச் சாயம் தோய்க்கின்றனர். எந்த நூலின் எந்தப் பகுதி எந்நிறம் பெற வேண்டும் என்பது தறியில் ஏறும் முன்பே தீர்மானமாகிவிடுகிறது. கரிப்பூச்சு எந்த நூலில், எந்த நீளத்திற்கு, பாவிலா ஊடையிலா என்று தீர்மானிக்க வேண்டிய மின்துணிக்கு இதைவிடப் பொருத்தமான கைத்திறன் வேறில்லை. பாலாப்பூரின் கரியும் கந்தியின் இழைப் பாயும் போச்சம்பள்ளியின் நூற்கட்டும் ஒரே மேசையில் சந்திப்பது நன்மை பயக்கும்.

ஒரு கணக்கு

துணி மின்தேக்கியைப் பற்றிப் பேசுவோர் இரு தவறுகளுள் ஒன்றைச் செய்கின்றனர். கைப்பேசியைச் சட்டையே இயக்கிவிடும் என்று சிலர் எதிர்பார்க்கின்றனர். இவ்வளவு சிறிய ஆற்றலால் ஆவதென்ன என்று வேறு சிலர் தள்ளிவிடுகின்றனர். எளிய கணக்கு ஒன்று இரு தரப்பினருக்கும் விடை தரும்.

பத்து சென்டிமீட்டர் நீளமும் அதே அகலமும் உள்ள துணி மின்தேக்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். சதுர சென்டிமீட்டருக்குக் கால் ஃபாரட் என்று கொண்டால், மொத்தக் கொள்திறன் 25 ஃபாரட். இதில் உப்புநீர் கலந்த கூழ் உள்ளது. 1.23 வோல்ட்டுக்கு மேல் நீர் பிரியத் தொடங்கும் என்பதால் மின்னழுத்தத்தை 1 வோல்ட் அளவில் நிறுத்த வேண்டும். கொள்திறனை மின்னழுத்தத்தின் வர்க்கத்தால் பெருக்கி, அதில் பாதியை எடுத்தால் ஆற்றல் கிடைக்கும். விடை 12.5 ஜூல்.

கைப்பேசி மின்கலம் ஒன்றில் ஏறத்தாழ 55,000 ஜூல் ஆற்றல் உள்ளது. ஆகவே இத்துணி அதில் 4,400-இல் ஒரு பங்கே. கைப்பேசிக் கனவை இத்துடன் விட்டுவிடலாம்.

இப்போது மறுபக்கம். நிமிடத்திற்கு ஒருமுறை மட்டும் விழித்து, உடல் வெப்பத்தை அளந்து, அதனை அனுப்பிவிட்டு உறங்கும் ஓர் உணர்வியின் சராசரித் தேவை 0.1 மில்லிவாட் என்று கொள்வோம். மின்தேக்கியை 1 வோல்ட்டிலிருந்து அரை வோல்ட் வரை பயன்படுத்தினால் அதிலுள்ள ஆற்றலில் முக்கால் பங்கு, அதாவது 9.4 ஜூல் வெளிவரும். அது 94,000 நொடிகளுக்கு, அதாவது 26 மணி நேரத்திற்குப் போதும். மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்றில் ஏற்படும் இழப்பு, மின்தேக்கி தானாகவே இறங்கும் இழப்பு ஆகியவற்றுக்குப் பாதியைக் கழித்தாலும் 13 மணி நேரம் எஞ்சும். ஒரு தொழிலாளியின் முழு வேலைநேரத்துக்கோ, மருத்துவமனையில் ஓர் இரவுக்கோ இது போதுமானது. அதே துணியில் 100 மில்லிவாட் வேண்டும் விளக்கொன்றை இணைத்தால் ஒன்றரை நிமிடத்தில் அணைந்துவிடும்.

மூன்று துணிகளை வரிசையாக இணைத்தால் மின்னழுத்தம் மும்மடங்காகும். கொள்திறன் மூன்றில் ஒன்றாகும். மூன்று துணிகளிலும் உள்ள மொத்த ஆற்றல் மாறுவதில்லை. எனவே வரிசை இணைப்பு சுற்றின் தேவைக்காகவே செய்யப்படுகிறது. ஆற்றலைப் பெருக்க அது உதவாது. டிரெக்செல் பல்கலைக்கழகத்தினர் இம்முறையில் 6 வோல்ட் தரும் துணித் தொகுதி ஒன்றைச் செய்து, வெப்ப அளவைக் கம்பியின்றி அனுப்பும் சுற்றை ஒன்றரை மணி நேரம் இயக்கிக் காட்டினர். இந்த ஆய்வில் பயன்பட்டது மெக்ஸீன் எனப்படும் புதிய பொருள்.

ஆக, கருவியைத் துணிக்கேற்பச் சிக்கனமாக அமைப்பதே இத்துறையில் முதல் வேலை. துணியில் மேலும் மேலும் ஆற்றலைத் திணிப்பது அடுத்ததே.

தடைகள் யாவை?

ஆய்வுக்கூட மேசையில் வெற்றி பெற்ற துணி, சலவைக் கல்லில் தோற்பதுண்டு. நம் நாட்டில் துணி துவைக்கும் முறை கடுமையானது: ஊறவைத்தல், தேய்த்தல், அடித்தல், முறுக்கிப் பிழிதல், வெயிலில் காயவைத்தல். சோப்பின் காரம் கூழைத் தாக்கும். முறுக்குதல் கரிப்பூச்சில் வெடிப்புகளை உண்டாக்கும். ஆயிரம் முறை வளைத்தபின் கொள்திறன் எவ்வளவு எஞ்சியது என்று ஆய்வறிக்கைகள் கூறுவதுண்டு. ஐம்பது சலவைக்குப் பின் எவ்வளவு எஞ்சும் என்பதே வாங்குபவரின் கேள்வி.

அடுத்தது உறை பற்றிய முரண்பாடு. கூழ் உலராமலும் வியர்வை உள்ளே புகாமலும் இருக்க உறை காற்றுப் புகாததாக இருக்க வேண்டும். காற்றுப் புகாத ஆடையோ, வெப்ப நாட்டில் அணியத் தகாதது. துணி முழுவதையும் மின்தேக்கியாக்காமல், கழுத்துப்பட்டி, இடுப்புப்பட்டி, தோள்மடிப்பு போன்ற இடங்களில் மட்டும் பட்டையாக அமைப்பது இதற்கு நடைமுறைத் தீர்வாகும். சலவைக்கு முன் கழற்றக்கூடிய பட்டையாக அமைத்தால் முதல் தடையும் பாதி நீங்கும்.

மூன்றாவது, மின்தடை. கரி மின்சாரத்தைக் கடத்தும்; ஆனால் செம்பைப்போல் கடத்தாது. நீண்ட கரிநூலில் மின்சாரம் செல்லும்போது ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. இதனைத் தவிர்க்க மெல்லிய உலோக நூலையும் உடன் நெய்ய வேண்டியுள்ளது. வியர்வையின் உப்பு அந்நூலை அரிக்கும். அதற்கும் தனிக் காப்பு வேண்டும். மேலும், ஆற்றல் குறைவு என்பதாலேயே ஒரு சாதனம் முற்றிலும் பாதுகாப்பானது என்று கருதிவிடலாகாது. இரு மின்முனைத் துணிகளும் தொட்டுக்கொண்டால் மின்தேக்கி தன் ஆற்றலை ஒரு நொடியில் கொட்டிவிடக்கூடும். பிரிப்புத் துணியின் நெசவு அடர்த்தி இங்கு உயிர்நிலையாகிறது.

இத்தடைகளுள் பெரும்பாலானவை நெசவு, சாயம், தையல் ஆகியவற்றை அறிந்தோரின் துணையின்றித் தீராதவை என்பதைக் கவனிக்க வேண்டும்.

திட்டங்களும் விதிகளும்

தொழில்நுட்ப ஜவுளிக்கான தேசிய இயக்கத்திற்கு மத்திய அரசு 2020 பிப்ரவரியில் ஒப்புதல் அளித்தது. இதற்கென ஒதுக்கப்பட்ட 1,480 கோடி ரூபாயில் 1,000 கோடி ஆராய்ச்சிக்கென வகுக்கப்பட்டது. உயர்வேதி மின்கல உற்பத்திக்கு 18,100 கோடி ரூபாய் மதிப்புள்ள ஊக்கத் திட்டம் 2021 மே மாதத்தில் ஏற்கப்பட்டது. அதன் இலக்கு 50 கிகாவாட்-மணி உற்பத்தித் திறன். தெலங்கானாவிலும் மகபூப்நகர் மாவட்டம் திவிட்டிபள்ளியில் பெரும் மின்கலத் தொழிற்சாலைக்கு 2023 மே மாதத்தில் அடிக்கல் நாட்டப்பட்டது.

இவை வரவேற்கத்தக்கவை. எனினும் துணி மின்தேக்கி இவ்விரு திட்டங்களுக்கும் நடுவே நிற்கிறது. ஜவுளித் துறையினர் கண்ணுக்கு அது மின்கலம். மின்கலத் துறையினர் கண்ணுக்கு அது துணி. மேலே கண்ட துணித் துண்டுகள் ஒரு கோடியைச் சேர்த்தாலும் அவற்றின் மொத்த ஆற்றல் 35 கிலோவாட்-மணி மட்டுமே. ஒரு மின்சாரக் காரின் மின்கலத் தொகுதிக்கு அது நிகர். கிகாவாட்-மணிக் கணக்கில் அளந்தால் இத்தொழில் கண்ணிலேயே படாது. ஆனால் அந்த ஒரு கோடித் துண்டுகளும் ஒரு கோடி மனிதரின் உடல்நிலையைக் காக்கவல்லவை. ஆகவே இத்துறைக்கான உதவியை, தேக்கிய ஆற்றலின் அளவால் மதிப்பிடாமல், நிறைவேறிய பணியின் அளவால் மதிப்பிடும் முறை வகுக்கப்பட வேண்டும்.

தர அளவைகள் அடுத்த தேவை. அணியும் மின்னணுச் சாதனங்களுக்கெனப் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 2017-ஆம் ஆண்டில் ஒரு தனிக் குழுவை அமைத்துள்ளது. குளிர்நாட்டுச் சலவை இயந்திரத்தை மனத்தில் கொண்டு வகுத்த சோதனை, கல்லில் அடித்துத் துவைக்கும் வழக்கத்துக்கும் 45 பாகை வெயிலுக்கும் பொருந்துமா என்பதை நம் தரநிர்ணய அமைப்புகளே ஆராய்ந்து கூற வேண்டும்.

கழிவு பற்றியும் முன்கூட்டியே சிந்திப்பது நன்று. 2001-ஆம் ஆண்டு விதிகளுக்கு மாற்றாக 2022 ஆகஸ்டில் வந்த மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்தீர்ந்த மின்கலங்களைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்துகின்றன. கிழிந்த சட்டையை எவரும் மின்கலமாகக் கருதிப் பிரித்துக் கொடுப்பதில்லை. அது தரை துடைக்கும் துணியாகிவிடும். லித்தியமும் நச்சு உலோகமும் இல்லாத, கரியும் உப்பும் மட்டுமே கொண்ட துணிகளுக்கு இவ்விடத்தில் தனிச் சிறப்பு உண்டு. பாலாப்பூர் ஆய்வின் மதிப்பு இக்கோணத்தில் மேலும் உயர்கிறது.

தென்னகத்தின் வாய்ப்பு

ஹைதராபாத்தில் தொடங்கும் இம்முயற்சிக்குத் தமிழகத்தின் துணையும் வாய்க்கக்கூடியது. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், டாக்டர் அழகப்ப செட்டியார் வழங்கிய நிலத்தாலும் பொருளாலும் எழுந்து, 1953-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. மின்கல ஆய்வில் நாட்டின் மூத்த நிறுவனங்களுள் அது ஒன்று. கோயம்புத்தூரிலுள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் மருத்துவத் துணிகளில் தேர்ச்சி பெற்றது. திருப்பூர், பின்னலாடைக்கு உலகச் சந்தையை அறிந்த ஊர். நெய்த துணியைக் காட்டிலும் பின்னிய துணி நன்கு நீளும் என்பதால், உடலோடு ஒட்டி நிற்க வேண்டிய உணர்விகளுக்கு அதுவே ஏற்றது. மின்வேதியியல் மாணவர் ஒருவர் ஆறு மாதம் பின்னலாடை ஆலையிலும், ஜவுளிப் பொறியியல் மாணவர் ஒருவர் ஆறு மாதம் மின்கல ஆய்வுக்கூடத்திலும் பயில வகை செய்தால், அதற்காகும் செலவு சிறிது, பயனோ பெரிது.

ஆடைக்குள் மின்சாரத்தைத் தேக்கும் முயற்சியில் உலக நாடுகள் பலவும் ஈடுபட்டுள்ளன. அவற்றுள் சில, மிகுதியான ஆற்றலை நாடி லித்தியம் இழைகளின் வழியே செல்கின்றன. கழிவுப் பஞ்சும் கடல்நீரும் மிகுதியாகக் கிடைக்கும் நாட்டிற்கு வேறொரு வழியும் திறந்திருக்கிறது. அவ்வழியில் கிடைக்கும் ஆற்றல் குறைவு. விலையும் ஆபத்தும் குறைவு. ஓர் இரவு சிசுவைக் காக்கவும், ஒரு பகல் தொழிலாளியைக் காக்கவும் அக்குறைந்த ஆற்றலே போதுமென்று கணக்கு கூறுகிறது. மின்சாரத்தைத் தாங்கிய பின்னும் துணி துணியாகவே இருத்தல் வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. அதை நிறைவேற்றும் பொறுப்பு, ஆய்வுக்கூடத்தைப் போலவே தறிக்கும் உரியதாகும்.